பிரெஞ்சு சைகடெலிக் எலெக்ட்ரானிக் ராக்: முதல் பாட்டை வீட்டிலேயே அமைப்பது எப்படி

இந்த இசையைக் கேட்டு மயங்கி, அதே மாதிரி ஒன்று செய்து பார்க்க உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எல்லா டிராக்கிலும் ரிவெர்ப் (அறை முழக்கம்), எல்லாவற்றிலும் டிலே (தள்ளி வரும் எதிரொலி), போதாததற்கு மேலே ஒரு ஃபேசர் (ஒலியின் நிறத்தை நெளியவைக்கும் விளைவு). அரை மணி நேரத்தில் சாம்பாரும் ரசமும் மோரும் ஒரே சோற்றில் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். எந்த ஒலியும் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

பிரெஞ்சுக்காரர்களின் நல்ல பதிவுகளைக் கவனித்தால் அங்கே வேலைப் பிரிவினை கறாராக இருக்கும். டிரம்ஸும் பேஸும் எதிரொலி இல்லாமல், வறண்டு, காதுக்கு வெகு அருகில் நிற்கும். அவை அசையாது. மிதப்பது, நெளிவது, கரைவது எல்லாம் மேலே இருக்கும் ஒன்றிரண்டு ஒலிகளின் பொறுப்பு. அதுவும் மெதுவாக. கீழே தரை கெட்டியாக இருப்பதால்தான் மேலே நடப்பது மிதப்பாகத் தெரிகிறது. தரையையும் சேர்த்து ஆட்டிவிட்டால் தலைசுற்றல்தான் மிஞ்சும். இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு எண்ணும் இந்தப் பிரிவினையைக் காப்பாற்றுவதற்காகவே சொல்லப்படுகிறது.

கடைசியில் கையில் கிடைக்கப்போவது: நிமிடத்துக்கு 125 அடி வேகத்தில், 4 நிமிடம் 6 செகண்ட் நீளமுள்ள ஒரு பாட்டு. டிரம்ஸ், பேஸ், ஸ்ட்ரிங் மெஷின் (வயலின் கூட்டம் போல ஒலிக்கும் கீபோர்டு), சீக்வென்ஸ் (தானே சுழலும் ஸ்வர வரிசை), கிட்டார், குரல் என்று ஆறே பகுதிகள். ஏழாவது ஒன்றைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள்.

முதலில் காது

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் கேளுங்கள். இந்த இசையின் வேர் பலர் நினைப்பதைவிடப் பழையது. மொரீஸ் பெஜாரின் பாலே நாடகத்துக்காக 1967-இல் ப்யேர் ஆன்றியும் மிஷேல் கொலோம்பியேவும் செய்த இசையில் ‘சைக்கே ராக்’ என்று ஒரு பகுதி உண்டு. ஒரு ராக் குழு ஒரே ரிஃப்பை (குட்டி இசைத் துண்டை) சுற்றிச் சுற்றி வாசிக்க, அதற்கு மேல் எலெக்ட்ரானிக் கீச்சொலிகள் பறந்து திரியும். ராக், சைகடெலிக், எலெக்ட்ரானிக் மூன்றும் ஒரே இடத்தில், மூன்று நிமிடத்துக்குள். அடுத்து செர்ஜ் கேன்ஸ்பூரின் 1971 ஆல்பம் ‘இஸ்துவார் த மெலொதி நெல்சன்’. இதில் சிந்த் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர்) கிடையாது. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் பேஸை முன்னால் நிறுத்தி, ழான்-க்ளோத் வன்னியேவின் வாத்தியக் குழுவைத் தொலைவில் மிதக்க விடும் அந்த அமைப்பைத்தான் ஏர் குழு முதல் இன்றைய குழுக்கள் வரை எல்லோரும் திருப்பித் திருப்பி எடுத்தாள்கிறார்கள். 1976-இல் ழான்-மிஷேல் ழார் வெளியிட்ட ‘ஆக்ஸிஜேன்’ மூன்றாவது. வீட்டிலேயே 8 டிராக் டேப்பில் பதிவானது அது. கொஞ்சம் கரடுமுரடாக வேண்டுமென்றால் ரிஷார் பின்ஹாஸின் ஹெல்டன் குழு. 1974 முதல் 1979 வரையிலான அவர்களுடைய ஆல்பங்களில் கிட்டாரும் மூக் சிந்தும் உரசிக்கொள்ளும்.

இன்றைய குழுக்களில் எங்கே தொடங்குவது? வெர்சாய் நகரத்து இருவர் குழுவான ஏர் 1998-இல் வெளியிட்ட ‘மூன் சஃபாரி’தான் வாசல். பியாரிட்ஸில் உருவான லா ஃபாம் குழுவின் 2013 ஆல்பம் ‘சைக்கோ ட்ராபிக்கல் பெர்லின்’ வேகத்துக்கும், உணர்ச்சி காட்டாத கூட்டுக் குரலுக்கும். மெலடி ப்ரொஷேயின் மெலடீஸ் எக்கோ சேம்பர் 2012-இல் வெளியிட்ட முதல் ஆல்பம், ஆஸ்திரேலியாவின் கெவின் பார்க்கர் தயாரித்தது, கிட்டாரையும் கரகரப்பான டிரம்ஸையும் படிக்க நல்லது. சோம்பி சோம்பி என்ற குழு டிரம்ஸும் சிந்தும் மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டும். பெர்பினியான் பகுதியின் லிமினியானாஸ் என்ற ராக் தம்பதியும் டெக்னோ டிஜே லோரான் கார்னியேவும் 2021-இல் சேர்ந்து செய்த ‘தெ பெலிகுலா’ நம் தலைப்புக்கு மிக நெருங்கிய உதாரணம். பெரிய மேடைப் பிரமாண்டம் பிடித்தவர்கள் எம்83 பக்கம் போகலாம். பாரிஸின் பார்ன் பேட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் பட்டியலைத் துழாவினால் ஃபாரெவர் பாவோ, வாக்ஸ் லோ என்று இன்னும் அகப்படும்.

ஒவ்வொரு பாட்டையும் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பேஸை மட்டும் வாய்விட்டு முணுமுணுத்துக்கொண்டு. இரண்டாம் முறை, ‘எந்த ஒலி நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது?’ என்ற ஒரே கேள்வியோடு. மூன்றாம் முறை, எதிரொலியே இல்லாத ஒலிகள் எவை என்று தாளில் எழுதிக்கொண்டு. அந்தப் பட்டியலில் ஸ்னேர் டிரம் எத்தனை தடவை வருகிறது பாருங்கள். ஆச்சரியப்படுவீர்கள்.

சாமான்கள்

கணினி, ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (இரண்டு உள்ளீடு போதும்), மூடிய வகை ஹெட்ஃபோன், 25 அல்லது 37 கட்டை கொண்ட மிடி கீபோர்டு, ஒரு டைனமிக் மைக். பேஸ் கிட்டார் இருந்தால் அருமை. இல்லையென்றால் சிந்த் பேஸே போதும், பல பிரெஞ்சுக் குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன.

தொடங்குவதற்கு மென்பொருளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பதிவுக்கு ரீப்பர் (60 நாள் சோதனைக் காலம் உண்டு), ஆப்பிள் கணினி என்றால் கராஜ்பேண்ட். சிந்துக்கு சர்ஜ் எக்ஸ்டி. கோரஸுக்கு (ஒரு ஒலியைப் பலர் வாசிப்பது போலக் காட்டும் விளைவு) டால்-கோரஸ். நீண்ட எதிரொலிக்கு வல்ஹல்லா சூப்பர்மாசிவ். ரீப்பர் தவிர மற்ற எல்லாமே இலவசம். அசல் பிரெஞ்சு வாசனை வேண்டுமென்றால் இரண்டு வழி. கிரனோபிள் நகரத்து ஆர்ட்டூரியா நிறுவனம் பழைய சிந்துகளின் மென்பொருள் நகல்களையும் மைக்ரோஃபிரீக் போன்ற சிறு கருவிகளையும் விற்கிறது. பாரிஸிலிருந்து இயங்கிய மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் மாட்யூல்களின் (சிந்தின் தனித்தனிப் பாகங்கள்) நிரல்களைத் திறந்த மூலமாக வெளியிட்டதால், விசிவி ராக் என்ற மென்பொருளில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை: விசிவி ராக்கின் இலவசப் பதிப்பு தனியாகத்தான் ஓடும், ரீப்பருக்குள் பிளக்இன்னாகச் செருக முடியாது. அதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் ரெக்கார்டர் மாட்யூலில் கோப்பாகப் பதிந்து இழுத்து வர வேண்டும்.

அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், பஃபர் 128. இதில் ஒரு திசைக்கு 2.7 மில்லிசெகண்ட்தான் தாமதம். கீபோர்டைத் தட்டியபின் ஒலி கொஞ்சம் தயங்கி வருகிறதென்றால் விண்டோஸின் பொதுவான டிரைவரில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் சொந்த ஏசியோ டிரைவரைப் போட்டால் சரியாகும். பதிவு அளவு, உச்சத்தில் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் இருக்கட்டும்.

தாளம்: சலிப்பைக் கண்டு பயப்படாதீர்கள்

வேகம் 125 என்று வைத்ததற்குக் காரணம் கணக்கு எளிது என்பதுதான். 60,000-ஐ 125-ஆல் வகுத்தால் ஓர் அடி 480 மில்லிசெகண்ட். அரை அடி 240, கால் அடி 120, முக்கால் அடி 360. நான்கு அடி கொண்ட ஒரு பார் 1.92 செகண்ட். இந்த எண்களைத் தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள், டிலேக்கு வரும்போது தேவைப்படும்.

ஒரு பாரை எட்டு அரை அடிகளாகப் பிரியுங்கள். 3-லும் 7-லும் ஸ்னேர். மற்ற ஆறு இடங்களிலும் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்). எட்டிலும் ஹைஹாட் (இரட்டைத் தட்டு). அவ்வளவுதான், நெடுஞ்சாலையில் வண்டி ஓடுகிற உணர்வு வந்துவிடும். எழுபதுகளின் ஜெர்மானியக் குழுக்களிடமிருந்து வந்த தாளம் இது. லா ஃபாம் போன்றவர்களின் ஓட்டத்திலும் இதன் சாயலைக் கேட்கலாம். 1-ஆம், 5-ஆம் இடங்களில் விழும் கிக்குகளின் அழுத்தத்தை (மிடியில் உச்சம் 127) 110-ஆக வைத்து மற்றவற்றை 85 முதல் 95-க்குள் இறக்குங்கள். எல்லாம் 127-இல் இருந்தால் தையல் மெஷின் சத்தம்தான் கேட்கும். ஹைஹாட்டில் இரட்டைப்படை அடிகளை மட்டும் 5 முதல் 8 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் கை வாசிப்புப் போல ஆகும்.

டிரம் ஒலி செத்த ஒலியாக இருக்க வேண்டும், முழங்கக் கூடாது. உண்மையான டிரம்ஸ் என்றால் ஸ்னேர் மீதும் டாம்கள் மீதும் சமையலறைத் துண்டை மடித்துப் போடுங்கள். சாம்பிள் என்றால் ஸ்னேரின் டிகேயை (ஒலி தேய்ந்து அடங்கும் நேரத்தை) 150 மில்லிசெகண்டுக்குக் குறைத்து, டிரம்ஸ் மொத்தத்துக்கும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டுங்கள். ரிவெர்ப் பூஜ்யம். சந்தேகமாக இருந்தாலும் பூஜ்யம்தான்.

இதன்மேல் ஒரு பழைய தாளப் பெட்டியின் ஒலியை 10 டெசிபல் குறைவாகப் படரவிட்டால் அழகு கூடும். ழார் ‘ஆக்ஸிஜேன்’ ஆல்பத்தில் பயன்படுத்தியது கோர்க் மினிபாப்ஸ் 7. அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் இரண்டு தாளப் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் இரண்டும் கலந்து புதிதாக ஒன்று ஓடும். சாம்பிளில் அதையே செய்ய, ஒரு லத்தீன் தாளத்தையும் ஒரு ராக் தாளத்தையும் ஒரே வேகத்தில் அடுக்கிப் பாருங்கள்.

எட்டு பாருக்கு ஒரு ஃபில் (இடையே வரும் தாள அலங்காரம்), நாலு பாருக்கு ஒரு கிராஷ் சிம்பல் என்று போட ஆரம்பித்தால் மயக்கம் கலைந்துவிடும். முழுப் பாட்டுக்கும் மூன்று கிராஷ் போதும். வாசிப்பவருக்குச் சலிப்பாக இருக்கும்தான். கேட்பவருக்கு மூன்றாவது நிமிடத்தில்தான் அதன் பலன் தெரியும்.

பேஸ்: பாட்டே இதுதான்

ஸ்கேல், ஏ டோரியன். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது ஏ-யை ஸட்ஜமாக வைத்த கரஹரப்ரியாதான். இரண்டே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு): நான்கு பார் ஏ மைனர், நான்கு பார் டி மேஜர். டி மேஜரில் வரும் எஃப் ஷார்ப், அதாவது சதுச்ருதி தைவதம், சோகமான மைனருக்குள் ஒரு வெளிச்சத்தைக் கொண்டுவரும். அந்த ஒரு ஸ்வரத்தில்தான் இந்த இசையின் கனவுத் தன்மையில் பாதி இருக்கிறது.

எட்டு அரை அடிகளில் பேஸ் வரி இப்படி: ஏ மைனரில் ஸ, இடைவெளி, ஸ, க, ஸ, இடைவெளி, கீழ் நி, கீழ் ப. டி மேஜரில் ம, இடைவெளி, ம, த, ம, இடைவெளி, க, ஸ. இடைவெளிகளை நிரப்பாதீர்கள். கையை எடுத்து ஒலியை முழுக்க நிறுத்த வேண்டும், அந்த மௌனத்தில்தான் கிக் தெரியும்.

பேஸ் கிட்டாரில் தட்டையாகச் சுற்றிய தந்தி போட்டு, பிரிட்ஜ் பக்கம் தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகி, விரலால் வாசிக்காமல் பிக் கொண்டு மீட்டினால் அந்தப் பழைய ‘டொக்’ ஒலி உடனே வந்துவிடும். புதிய வட்டச்சுற்றுத் தந்தியில் என்ன ஈக்யூ போட்டாலும் வராது. சிந்தில் செய்வதானால் ஒரே ஒரு ஸா வேவ் (ரம்பப் பல் வடிவ அலை), ஃபில்டர் (மேல் அதிர்வெண்களை வடிகட்டுவது) 400 ஹெர்ட்ஸ், என்வலப் டிகே 200 மில்லிசெகண்ட், சஸ்டெயின் (தேய்ந்தபின் நிலைக்கும் அளவு) கால் பங்கு.

கம்ப்ரெஷன் (ஓங்கிய ஒலியை அமுக்கிச் சமமாக்குவது) 4-க்கு 1, அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 25 மில்லிசெகண்ட், ரிலீஸ் 100, குறைப்பு 4 முதல் 6 டெசிபல். அட்டாக்கை 1 மில்லிசெகண்டுக்கு இறக்கினால் பிக் தட்டும் சத்தம் செத்துப்போய் பேஸ் பின்னால் போய்விடும். ஸட்ஜமான ஏ 55 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கிக்கும் அதே இடத்தில் உட்கார்ந்தால் இரண்டும் மங்கும். கிக்கில் 55-ஐச் சுற்றி 3 டெசிபல் குறைத்து, 90-இல் 2 டெசிபல் ஏற்றுங்கள். பேஸில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். கோரஸ், ஃபேசர், ஸ்டீரியோ விரிவு எதுவும் பேஸுக்குக் கூடாது. நட்ட நடுவில், மோனோவில்.

இங்கே நிறுத்தி, டிரம்ஸும் பேஸும் மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேளுங்கள். தலை தானாக ஆடவில்லை என்றால் மேலே போகாதீர்கள். இந்த இரண்டில் இல்லாததை ஸ்ட்ரிங் மெஷின் தராது.

ஸ்ட்ரிங் மெஷினும் ஃபேசரும்

இப்போது அசையும் பகுதி. ‘ஆக்ஸிஜேன்’ ஆல்பத்தில் வானம் மாதிரி விரியும் அந்தத் தந்தி ஒலி எமினென்ட் 310 என்ற டச்சு ஆர்கனிலிருந்து வருவது. அதை எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் ஸ்மால் ஸ்டோன் என்ற கிட்டார் ஃபேசர் பெடலுக்குள் விட்டார் ழார். வீட்டு ஆர்கனும் கிட்டார் பெடலும்! இரண்டும் தனித்தனியே சாதாரணப் பொருட்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் எந்தக் கருவியிலும் அதைக் கொண்டுவரலாம். ஸ்ட்ரிங் மெஷினின் கோரஸில் மூன்று தாமதக் கோடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி அசையும். அசைவு இரண்டு வேகத்தில் நடக்கும், ஒன்று மெதுவாக 0.6 ஹெர்ட்ஸ் அளவில், மற்றது வேகமாக 6 ஹெர்ட்ஸ் அளவில். ஒன்று சுருதி ஏறும்போது இன்னொன்று இறங்குவதால் ஒட்டுமொத்தச் சுருதி தள்ளாடாது, பல பேர் சேர்ந்து வாசிப்பதாகக் காது ஏமாறும். ஃபேசர் செய்வது வேறு. ஒலியின் ஹார்மோனிக்குகளில் சில இடங்களைக் கிள்ளி எடுத்து, கிள்ளும் இடத்தை மேலும் கீழும் நகர்த்தும். ஸ்மால் ஸ்டோனில் நான்கு நிலைகள், அதனால் இரண்டு பள்ளங்கள். கிள்ளுவதற்கு அங்கே ஹார்மோனிக்குகள் இருக்க வேண்டும் அல்லவா? ஸைன் வேவ் மாதிரி மொழுமொழு ஒலிக்கு ஃபேசர் போட்டு ‘ஒன்றுமே மாறவில்லையே’ என்று தேடுபவர்களுக்கு விடை அதுதான்.

செய்முறை: சர்ஜில் இரண்டு ஸா வேவ், இரண்டாவது ஒரு ஆக்டேவ் மேலே, 6 டெசிபல் குறைவாக. அட்டாக் 120 மில்லிசெகண்ட், சஸ்டெயின் முழுதாக, ரிலீஸ் 900. அழுத்த உணர்வை அணைத்துவிடுங்கள், பழைய ஆர்கனுக்கு மெல்லத் தட்டுவதும் ஓங்கித் தட்டுவதும் ஒன்றே. 180 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். பிறகு கோரஸ், அதன் பின் ஃபேசர். ஃபேசரில் நான்கு நிலை, வேகம் 0.17 ஹெர்ட்ஸ், ஃபீட்பேக் 30 சதவீதம், கலப்பு சரிபாதி.

0.17 என்ற எண்ணுக்கு அர்த்தம் உண்டு. ஒரு சுற்றுக்கு கிட்டத்தட்ட 5.9 செகண்ட் ஆகும். மூன்று பார் 5.76 செகண்ட். அருகே வந்து தப்பிவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் கார்ட் மாறும்போது ஃபேசர் வேறு இடத்தில் இருக்கும். வேகத்தோடு ஒட்டவைக்கும் ‘சிங்க்’ பட்டனைத் தொட்டால் இந்த நழுவல் போய்விடும். பத்தாவது பாரிலேயே காது அதைக் கண்டுபிடித்துச் சலித்துக்கொள்ளும். 1 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் ஆம்புலன்ஸ்.

விரல்கள்: நடு சி-க்கு அருகே ஏ, சி, ஈ. டி மேஜருக்கு ஏ அப்படியே இருக்கட்டும். சி-யை டி-க்கும் ஈ-யை எஃப் ஷார்ப்புக்கும் மட்டும் நகர்த்துங்கள். கை முழுவதும் தாவக் கூடாது. தம்புரா போல அசையாமல் நிற்கும் அந்த ஏ-தான் இரண்டு கார்டையும் ஒட்டும் பசை.

டேப் பழசான உணர்வு வேண்டுமென்றால் இந்த டிராக்குக்கு மட்டும் 0.5 ஹெர்ட்ஸில் 5 சென்ட் (ஒரு சென்ட், ஒரு செமிடோனில் நூறில் ஒரு பங்கு) அளவு சுருதி அசைவைச் சேர்க்கலாம். 15 சென்டுக்கு மேல் போனால் பேஸோடு சுருதி சேராமல் பல் கூசும்.

ஐந்தடிச் சீக்வென்ஸ்

கால் அடிகளில் ஐந்து ஸ்வரம் கொண்ட ஒரு சுழற்சி: ஸ, ப, மேல் ஸ, நி, ப. தாளம் நான்கில் ஓடும், இது ஐந்தில் ஓடும். சதுச்ரத்துக்கு மேல் கண்டத்தைப் படரவிட்ட கதை. ஒரு பாரில் 16 கால் அடிகள் இருப்பதால் ஐந்து பாருக்கு ஒரு முறை, அதாவது 9.6 செகண்டுக்கு ஒரு முறை, இரண்டும் சமத்தில் சந்திக்கும். கார்ட் நான்கு பாருக்கு மாறுவதால் கேட்பவருக்கு எது எங்கே தொடங்கியது என்பது பிடிபடாது. ஏழு ஸ்வரம் வைத்தும் செய்யலாம், ஆனால் முதல் பாட்டுக்கு ஐந்து நல்லது.

ஒலி ஒரு ஸ்கொயர் வேவ், டிகே 150 மில்லிசெகண்ட், லோபாஸ் ஃபில்டர். ஃபில்டர் 300 ஹெர்ட்ஸில் மூடிய நிலையில் ஆரம்பித்து 32 பாரில் 2,500 வரை திறக்கட்டும். ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும் அந்தத் திறப்பு. ஃபில்டரின் மாற்றத்தை மென்பொருளில் வரையும் ஆட்டோமேஷன் கோட்டை நேராக வரைந்தால் முதல் பாதியிலேயே எல்லா மாற்றமும் நடந்து முடிந்தது போலக் கேட்கும், ஏனென்றால் காது அதிர்வெண்ணை விகிதமாகத்தான் உணர்கிறது. ஆரம்பத்தில் மெல்ல, முடிவில் விரைவாக ஏறும் வளைகோடாக வரையுங்கள்.

டிலே 360 மில்லிசெகண்ட், ஃபீட்பேக் (எதிரொலி மறுபடி எதிரொலிக்கும் அளவு) 35 சதவீதம். எதிரொலியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். வெட்டாவிட்டால் எதிரொலியும் அசலும் ஒரே பிரகாசத்தில் மோதி, ஐந்தடிச் சுழற்சி இருப்பதே தெரியாமல் போகும்.

கிட்டார்

சுருக்கமாக: கிட்டார், ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாகச் சிதைக்கும் பெடல்), ஃபேசர், டிலே, ஸ்பிரிங் ரிவெர்ப் என்ற வரிசை. ஜெர்மேனியம் வகை ஃபஸ் பெடலுக்கு முன் பஃபர் (சிக்னலைப் பலப்படுத்தும் மின்சுற்று) உள்ள எந்தப் பெடலும், டியூனர்கூட, இருக்கக் கூடாது. கிட்டாரின் பிக்கப் நேராகத் தொட்டால்தான் அந்த ஃபஸ் தடிமனாக ஒலிக்கும், இல்லாவிட்டால் தகரத்தைக் கீறிய சத்தம்தான். ஃபஸ்ஸில் முழு கார்ட் வாசிக்காதீர்கள், ஒற்றை ஸ்வரமோ ஸ-ப ஜோடியோ போதும். மூன்று ஸ்வரம் சேர்ந்தால் கலவை ஒலிகள் குழம்பிச் சேறாகும்.

குரல்

பிரெஞ்சுப் பாட்டில் குரல் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நிற்பதற்கு மொழியும் ஒரு காரணம். பிரெஞ்சில் அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் விழும், மற்ற அசைகள் சமமாக ஓடும். அதனால் தட்டையாகச் சொல்லிக்கொண்டே போனாலும் இயல்பாக இருக்கிறது. தமிழில் பாட நினைப்பவர்களுக்கு நல்ல செய்தி: ஆங்கிலம் போன்ற பலத்த சொல்லழுத்தம் நமக்கும் இல்லை. ஆனால் குறில் நெடில் உண்டு. ‘படம்’ என்பதை நீட்டிப் பிடித்தால் ‘பாடம்’ ஆகிவிடும். நீளமான ஸ்வரங்களில் நெடில் விழும்படி வரிகளை எழுதுங்கள்.

மைக்குக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் தூரத்தில், குரலை உயர்த்தாமல், வசதியான சுருதிக்கும் கொஞ்சம் கீழே. அதே வரியை இரண்டு முறை பதிந்து 30 சதவீதம் இடமும் வலமும் தள்ளுங்கள். ஆண் குரலும் பெண் குரலும் ஒரு ஆக்டேவ் இடைவெளியில் ஒரே மெட்டைப் பாடினால் இன்னும் பொருந்தும். ஹார்மனி வேண்டாம், இனித்துவிடும். 100 மில்லிசெகண்டில் ஒற்றை எதிரொலி, அசலைவிட 12 டெசிபல் குறைவாக. ஒரு உத்தி: எம்83-இன் 2011 பாட்டான ‘மிட்நைட் சிட்டி’யில் பாட்டு முழுக்கத் திரும்ப வரும் அந்த அலறல் மெட்டு சிந்த் அல்ல, அந்தக் குழுவின் அந்தோணி கொன்சாலெஸ் தன் குரலையே சிதைத்துச் செய்தது. ‘ஆ’ என்று நான்கு ஸ்வரம் பாடி, டிஸ்டார்ஷன் போட்டு, 12 செமிடோன் உயர்த்தி, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிப் பாருங்கள்.

128 பாரை அடுக்குவது

முதல் 8 பார் தாளப் பெட்டி மட்டும். 9-இல் டிரம்ஸும் பேஸும் ஒரே நேரத்தில் விழட்டும். 17-இல் ஸ்ட்ரிங் மெஷின். 33 முதல் 64 வரை குரல், அதற்குள் 49-இல் சீக்வென்ஸ் மூடிய ஃபில்டரோடு யாருக்கும் தெரியாமல் நுழையும். 65 முதல் 80 வரை குரல் இல்லை. பேஸ் டி-க்குப் போகாமல் ஸட்ஜ வரியிலேயே நிற்கும், ஸ்ட்ரிங் மட்டும் கார்ட் மாறும், ஃபில்டர் மெல்லத் திறந்து முடியும். பாட்டின் உயிர் இந்த 16 பாரில்தான் இருக்கிறது, அவசரப்பட்டு 8 ஆக்கிவிடாதீர்கள். 81 முதல் 96 வரை மறுபடி குரல். 97-இல் ஃபஸ் கிட்டார், 24 பார். 121-இல் டிரம்ஸும் பேஸும் சட்டென்று நின்று, ஸ்ட்ரிங்கும் டிலே போட்ட சீக்வென்ஸும் மட்டும் எட்டு பார்.

மிக்ஸிங்

டிரம்ஸும் பேஸும் உச்சத்தில் மைனஸ் 10 டெசிபல் வருமாறு வைத்து, மற்றவற்றை அதற்குக் கீழே ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஸ்ட்ரிங்கின் அளவுக்கு ஒரு சோதனை: ஓடும்போது கவனத்தை இழுக்கக் கூடாது, மியூட் செய்தால் அறையே காலியானது போல இருக்க வேண்டும். கிட்டாரின் ஸ்பிரிங் தவிர ரிவெர்ப் ஒன்றே ஒன்று, பிளேட் வகை, 2.5 செகண்ட், முன்தாமதம் 30 மில்லிசெகண்ட், 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியது. அதற்குள் குரலும் கிட்டாரும் மட்டும் போகலாம்.

மோனோ பட்டனை அழுத்திக் கேளுங்கள். ஸ்ட்ரிங் 3 டெசிபலுக்கு மேல் இறங்கினால் கோரஸின் இடமும் வலமும் ஒன்றையொன்று அழிக்கின்றன. அகலத்தை 60 சதவீதமாக்குங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போவதும் இதே அளவு பொதுவான சிக்கல். 55 ஹெர்ட்ஸை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் தர முடியாது. பேஸில் லேசான சாச்சுரேஷன் (மென்மையான சிதைவு) சேர்த்தால் 110, 165, 220 என்று மேல் ஹார்மோனிக்குகள் பிறக்கும், ஃபோனில் அவற்றைக் கேட்டுக் காது அடி ஸ்வரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும்.

கடைசி லிமிட்டரை நெருக்காதீர்கள். மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல் போதும். அதைவிடச் சத்தமாக்கினால் ஒவ்வொரு கிக்கின்போதும் ஸ்ட்ரிங் அமுங்கி எழும், 5.9 செகண்ட் ஃபேசர் அசைவு அந்தத் துடிப்பில் காணாமல் போகும். ஜஸ்டிஸ் குழுவின் 2007 ஆல்பத்தில் அந்தத் துடிப்பே அழகு என்பது உண்மைதான். அது வேறு கிளை.

கடைசி எட்டு பாரில் டிலேயின் ஃபீட்பேக்கை 35-லிருந்து 70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். 100-ஐத் தாண்டினால் தானே ஊளையிட ஆரம்பித்து ஹெட்ஃபோனையும் காதையும் பதம் பார்க்கும். 70-இல் எதிரொலி முழுதாக அடங்க ஏறக்குறைய 7 செகண்ட் பிடிக்கும். ஆகவே கோப்பாக வெளியெடுக்கும்போது எல்லையை 128-ஆம் பாரில் நிறுத்தாமல் இன்னும் 10 செகண்ட் நீட்டி வையுங்கள், இல்லாவிட்டால் கடைசி எதிரொலி கத்தரியால் வெட்டியது போல நின்றுவிடும்.